முன்குறித்தலும் நாள் குறித்தலும்: வித்வான் குட்டியச்சனின் ஆறு ஆண்டுகள்

மூணாற்றின் பழைய சி.எஸ்.ஐ. ஆலயத்தைவிட அதன் கல்லறைத் தோட்டம் மூத்தது. தேயிலைத் தோட்ட நிர்வாகியான ஹென்றி மான்ஸ்ஃபீல்ட் நைட்டின் இளம் மனைவி எலினர் 1894 டிசம்பரில் காலரா கண்டு இறந்து, அந்தக் குன்றின்மீது அடக்கம் செய்யப்பட்டார். ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது 1910இல்தான். இன்று அங்குத் தமிழ், மலையாளம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் ஆராதனை நடைபெறுகிறது. இயேசு தம் சீடர்களுக்குக் கற்பித்த ஜெபம் ஒரே கூரையின்கீழ் மூன்று மொழிகளிலும் ஒலிக்கிறது. கடவுள் நினைப்பதே மண்ணிலும் நடக்கட்டும் என்று வேண்டும் இடத்தில் தமிழர் 'சித்தம்' என்ற சொல்லைச் சொல்கின்றனர். மலையாளிகள் 'இஷ்டம்' என்கின்றனர்.

இரண்டும் வடமொழியிலிருந்து வந்த சொற்களே. எனினும் இவை வந்து சேர்ந்த இடங்கள் வேறு. மலையாளத்தில் 'சித்தம்' பெரும்பாலும் உள்ளம் என்ற பழம்பொருளிலேயே நின்றுவிட்டது. தமிழில் அது அரசவைக்குள் நுழைந்தது. 'தங்கள் சித்தம், என் பாக்கியம்' என்று கைகட்டி நிற்பவனின் வாயில் அது மேலோரின் ஆணையைக் குறிக்கலாயிற்று. 'சித்தம் போக்கு, சிவன் போக்கு' என்னும் பழமொழியிலோ அது எவருக்கும் கட்டுப்படாத போக்கு. 'இஷ்டம்' தமிழில் தோளைக் குலுக்கிக்கொண்டு சொல்லும் சொல். 'உன் இஷ்டம்' என்றால் அதற்குமேல் தனக்குப் பொறுப்பில்லை என்று பொருள். மலையாளத்தில் அதே சொல் பிரியத்தைச் சுமக்கிறது. ஒருவரை விரும்புவதும் அங்கு 'இஷ்டம்'தான். இன்றைய கத்தோலிக்கத் தமிழ் 'திருவுளம்' என்கிறது, கத்தோலிக்க மலையாளம் 'திருமனஸ்ஸு' என்கிறது. தெய்வத்தின் எண்ணத்தை அறிய முடியாதபோது சீட்டெழுதிப் போட்டு எடுக்கும் வழக்கத்துக்குத் தமிழில் 'திருவுளச்சீட்டு' என்று பெயர் இருப்பதை இவ்விடத்தில் நினைத்துக்கொள்ளலாம்.

கடவுள் எல்லாவற்றையும் ஆள்கிறார் என்றால் மனிதன் எதற்குப் பொறுப்பு? எல்லாம் முடிவாகிவிட்டது என்றால் ஜெபிப்பது எதற்கு? இக்கேள்விகளை மேலைநாட்டு இறையியல் வரலாறாகவே நம் பாடநூல்கள் கற்பிக்கின்றன: அகுஸ்தீன் – பெலாகியுஸ், கால்வின் – ஆர்மினியுஸ், டோர்ட் சங்கம், வெஸ்லியும் ஒயிட்ஃபீல்டும் பிரிந்த கதை. ஆனால் இக்கேள்விகள் பாலக்காட்டிலிருந்து புறப்பட்ட ஒரு தமிழ்க் குடும்பத்தின் வழியாகத் திருவிதாங்கூரின் பல சிற்றூர்களை ஆறு ஆண்டுகள் உலுக்கியிருக்கின்றன. அங்கு அவை நூலகத்துக்குள் அடங்கவில்லை. நாட்காட்டியில் ஒரு தேதியாகவே வந்து நின்றன.

இராமய்யன் 1835இல் பாலக்காட்டுத் தமிழ்ப் பிராமணக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். இசையும் வடமொழியும் கற்ற குடும்பம். சிறுவயதிலேயே புலமையால் பெயர் பெற்று 'வித்வான் குட்டி' என்று அழைக்கப்பட்டார். குடும்பம் பின்னர்த் தெற்கே திருவிதாங்கூர் சென்றது. அங்கு மாவேலிக்கரையில் சி.எம்.எஸ். மிஷனரி ஜோசப் பீட் பணியாற்றிவந்தார். மலையாளத்துக்கு இலக்கண நூல் எழுதி 1841இல் வெளியிட்டவர் அவர். 1861இல் இராமய்யன் குடும்பத்தாரோடு அவரிடம் ஞானஸ்நானம் பெற்று யுஸ்தூஸ் யோசேப்பு ஆனார். பிராமணக் குடும்பம் ஒன்று ஒட்டுமொத்தமாகக் கிறிஸ்தவம் தழுவுவது அந்நாளில் அரிய நிகழ்வு. அந்தப் பத்தாண்டின் இறுதிக்குள் அவர் ஆங்கிலிக்கன் குருவாகவும் ஆகிவிட்டார். மக்கள் அவரைக் கடைசிவரை வித்வான் குட்டியச்சன் என்றே அழைத்தனர்.

ஆங்கிலிக்கன் குருவாகும் ஒருவர் அத்திருச்சபையின் முப்பத்தொன்பது கோட்பாடுகளுக்கு ஒப்புதல் அளிக்க வேண்டும். அவற்றுள் பதினேழாவது கோட்பாடு முன்குறித்தலைப் பற்றியது. அது விந்தையான ஒரு பகுதி. கடவுள் தம்மவரை உலகத் தோற்றத்துக்கு முன்பே தெரிந்துகொண்டார் என்று உறுதியாகச் சொல்லிவிட்டு, பக்தியுள்ளோர்க்கு இது ஆறுதல் என்கிறது. ஆனால் ஆவலால் உந்தப்பட்டு இதையே நோக்கிக்கொண்டிருப்போர்க்கு இது படுகுழி என்றும் எச்சரிக்கிறது. கோட்பாட்டை அறிவித்த கையோடு அதை எட்டிப்பார்க்க வேண்டாம் என்று கதவைச் சாத்தும் உரை அது. சி.எம்.எஸ். மரபின் முன்னோடிகளுள் ஒருவரான சார்லஸ் சிமியோனும் இதே மனநிலையினர். கால்வின் பக்கமா ஆர்மினியுஸ் பக்கமா என்று கேட்டோரிடம், உண்மை இரண்டுக்கும் நடுவில் இல்லை, இரு முனைகளிலும் இருக்கிறது என்ற கருத்தையே அவர் வலியுறுத்திவந்தார். யுஸ்தூஸ் யோசேப்பு பெற்ற பயிற்சி இத்தகைய அடக்கம் கொண்டது. அவரைப் பற்றிக்கொண்ட நெருப்போ வேறிடத்திலிருந்து வந்தது.

அது திருநெல்வேலியிலிருந்து வந்தது. ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் (1810–1867) இரேனியுஸிடம் பயின்றவர். பின்னர் 1833இல் இந்தியா வந்த அந்தோணி நாரிஸ் குரோவ்ஸைப் பின்பற்றியவர். குரோவ்ஸ், பிரிஸ்டலில் அநாதை இல்லங்கள் நடத்திய ஜார்ஜ் முல்லரின் மைத்துனர். தேவையை மனிதரிடம் சொல்லாமல் கடவுளிடம் மட்டும் சொல்வது இவர்களுடைய நெறி. அருளப்பன் மிஷன் சங்கங்களின் சம்பளத்தை ஏற்கவில்லை. 1842இல் அவர் நிறுவிய கிறிஸ்தியான்பேட்டையில் ஜெபம் என்பது நாளைக்கு வேண்டிய அரிசியைப் பற்றியதும்கூட. 1860இல் அங்கிருந்து ஓர் எழுப்புதல் கிளம்பியது. பாவ உணர்வால் அழுதோர், அந்நியபாஷை பேசியோர், தீர்க்கதரிசனம் உரைத்தோர் எனப் பலர். அவர்களுள் பெண்களும் சிறுவர் சிறுமியரும் இருந்தனர். கற்றறிந்த குருமாருக்கு இது உவப்பாக இல்லை. எனினும் உபதேசியர் மலை கடந்தனர், திருவிதாங்கூரிலும் அதே அனல் பற்றியது. 1873இல் அது மீண்டும் மூண்டெழுந்தபோது அதன் தலைவர்களுள் ஒருவராக யுஸ்தூஸ் யோசேப்பு நின்றார்.

இங்கு மொழி சார்ந்த ஒரு சிறு குறிப்பு. இத்தகைய நிகழ்ச்சியைத் தமிழ்க் கிறிஸ்தவர் 'எழுப்புதல்' என்கின்றனர். மலையாளத்தில் அது 'உணர்வு', விழிப்பு என்னும் பொருளில். எழுப்புதல் பிறவினை; எழுப்புகிறவர் ஒருவர், எழுப்பப்படுகிறவர் மற்றொருவர். உணர்வு தன்வினையிலிருந்து பிறந்த பெயர், உறங்கியவரே விழிக்கிறார். ஒரே நிகழ்ச்சியில் கடவுளின் செயல் எவ்வளவு, மனிதனின் செயல் எவ்வளவு என்னும் பழைய வழக்கை இவ்விரு மொழிகளும் வெவ்வேறு விதமாகத் தீர்த்து வைத்திருக்கின்றன. பேசுவோர் எவரும் இதை எண்ணிப் பேசுவதில்லை என்பது உண்மையே. ஆயினும் கோட்பாடுகள் மக்களிடம் சென்று சேர்வது பெரும்பாலும் இப்படித்தான். நூற்பாக்களைப் படித்து எவரும் ஜெபிக்கக் கற்பதில்லை.

அந்நாளைய திருவிதாங்கூரின் நிலையையும் நினைவில் வைக்க வேண்டும். சுரியானித் திருச்சபை பிளவின் விளிம்பில் நின்றது. சீர்திருத்தக் கட்சியும் அந்தியோக்கியக் கட்சியும் மோதிக்கொண்டன. 1876இல் முதுபெரும் தந்தை நேரில் வந்து முளந்துருத்தியில் சங்கம் கூட்டினார். 1879இல் தொடங்கிய செமினாரி வழக்கு பத்தாண்டுகள் நீண்டது. திருச்சபையை ஆள்பவர் யார் என்பதே நீதிமன்றத்தில் இருந்த காலம் அது. சுரியானி மரபோ முன்குறித்தலைப் பற்றி அதிகம் கவலைப்பட்டதன்று. அகுஸ்தீனின் போராட்டம் கிழக்கில் நடக்கவில்லை. மார் அப்ரேம் முதலிய சுரியானித் தந்தையர் மனிதனுக்குக் கடவுள் அளித்த சுயாதீனத்தையே அழுத்திப் பாடினர். வழிபாட்டில் திரும்பத் திரும்ப ஒலிப்பது 'குரியேலாயிசோன்', இரக்கம் கேட்கும் குரல். அந்த மரபில் வளர்ந்தோர் சிலர் உணர்வுக் கூட்டங்களில் வேறொரு கேள்வியை முதன்முறையாகச் சந்தித்தனர்: நான் தெரிந்துகொள்ளப்பட்டவர்களுள் ஒருவனா? இக்கேள்வி ஒருமுறை நெஞ்சில் நுழைந்துவிட்டால் எளிதில் வெளியேறுவதில்லை. பதினேழாவது கோட்பாடு அஞ்சியதும் இதைத்தான்.

1875இல் அக்கேள்விக்கு ஒரு விடை வந்தது. கூட்டத்தில் ஒருவர் பரவச நிலையில் உரைத்ததாகத் தொடங்கிய செய்தி: கிறிஸ்து ஆறு ஆண்டுகளில் திரும்பி வருவார். நாளும் குறிக்கப்பட்டது, 1881 அக்டோபர் 2. தேதியை முதலில் சொன்னவர் யுஸ்தூஸ் யோசேப்பு அல்லர் எனினும் அதை ஏற்று, அதற்கு விளக்கமும் பாட்டும் தந்து, சபையைத் திரட்டியவர் அவரே. சி.எம்.எஸ். தொடர்பு முறிந்தது. கருநாகப்பள்ளிக்கு அருகில் கன்னேற்றியை நடுவாகக் கொண்டு தனிச்சபை உருவானது. சுரியானிகளும் பிறரும் அதில் சேர்ந்தனர். மிஷன் ஆவணங்கள் அவர்களை 'ஆறாண்டுக் கட்சி' என்று குறித்தன.

இவ்விடத்தில் ஒரு சொல்லை நிதானமாகப் பார்க்க வேண்டும். புதிய ஏற்பாட்டில் பவுல் கூறும் முன்நியமனத்துக்குத் தமிழ் வேதாகமம் கொண்ட சொல் 'முன்குறித்தல்'. மலையாள வேதாகமம் 'முன்னியமித்தல்' என்னும் பொருள்பட மொழிபெயர்த்தது. தமிழில் விதி, ஊழ், தலையெழுத்து ஆகிய சொற்கள் கையெட்டும் தூரத்தில் இருந்தும் மொழிபெயர்ப்பாளர் அவற்றைத் தொடவில்லை. காரணம் எளிது. விதிக்குக் காது கிடையாது, ஊழை நோக்கி எவரும் ஜெபிப்பதில்லை. கர்த்தர் ஆள்கிறார் என்பதும் ஊழ் ஆள்கிறது என்பதும் ஒன்றாகிவிடக் கூடாது என்பதே அவர்கள் கவலை. (திருக்குறளிலேயே 38ஆம் அதிகாரம் ஊழின் வலிமையை ஒப்புக்கொள்ள, 62ஆம் அதிகாரம் அயராது முயல்வோர் ஊழையும் புறங்காணச் செய்வர் என்கிறது. வள்ளுவர் இரண்டையும் எழுதிவிட்டுச் சமரசம் எதுவும் செய்யாமல் நகர்ந்துவிடுகிறார். சிமியோனுக்கு அவரைப் பிடித்திருக்கும்.) ஆனால் விதியை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே அழைத்த 'குறித்தல்' என்ற சொல் முற்றிலும் வெற்றிடத்திலிருந்து வந்ததன்று. தமிழரும் மலையாளிகளும் குறிப்பது எதை? நாளை. திருமணத்துக்கு நாள் குறிப்பர், மனை முகூர்த்தத்துக்கு நாள் குறிப்பர். குறிப்பவர் பஞ்சாங்கம் அறிந்தவர். குறித்தபின் அந்த நாளை மாற்றுவது அபசகுனம்.

பாலக்காட்டு அக்கிரகாரப் பின்னணியிலிருந்து வந்த ஒருவர் தலைமையில் 'முன்குறித்தல்' மெல்ல 'நாள் குறித்தல்' ஆகியதைத் தற்செயல் என்று தள்ளிவிட இயலாது. அதற்காக அவர் பழைய சமயத்தின் பஞ்சாங்கத்தைக் கிறிஸ்தவத்துக்குள் கடத்திவந்தார் என்ற எளிய முடிவுக்கும் போகக் கூடாது. அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்னும் விவசாயி தானியேல் நூலின் எண்களைக் கூட்டிக் கழித்துச் சொன்னதன் தொடர்ச்சியாக, அவரைப் பின்பற்றியோர் 1844 அக்டோபர் 22 என்று நாள் குறித்துக் காத்திருந்தனர். அவருக்குப் பஞ்சாங்கம் தெரியாது. நாள் குறிக்கும் ஆசை கடவுளின் ஆளுகையை மிகக் கடுமையாக நம்புவோரிடம் எங்கும் தலைகாட்டுவதுதான். எல்லாம் அவர் கையில் என்று ஒப்புக்கொண்டபின், அந்தக் கையில் இருப்பது என்ன என்று ஒருமுறை பார்த்துவிட மனம் துடிக்கிறது.

நாள் குறித்தபின் ஜெபத்துக்கு என்ன ஆயிற்று என்பதே இவ்வரலாற்றில் கவனிக்கத்தக்கது. கிறிஸ்தியான்பேட்டையில் ஜெபித்தவருக்கு நாளை அரிசி வருமா வராதா என்பது தெரியாது. தெரியாததால்தான் கேட்டார். ஆறாண்டுக் கட்சியினருக்கு முடிவு தெரியும். கேட்பதற்கு ஒன்றுமில்லை, ஆயத்தமாவதும் காத்திருப்பதும்தான் எஞ்சின. ஜெபம் விழிப்பிரவு ஆயிற்று, பாட்டாயிற்று. மனிதப் பொறுப்பு என்பது அந்த நாளில் தகுதியுடன் நிற்பது என்ற ஒன்றாகக் குறுகியது.

பொறுப்பு என்பதற்கும் இருமொழி வரலாறு ஒன்று உண்டு. தமிழ்ச் சொல் 'பொறு' என்னும் வேரிலிருந்து வந்தது. சுமப்பதும் தாங்குவதும் அதன் பொருள். மலையாளத்தில் வழங்கும் 'உத்தரவாதித்துவம்' பதில் சொல்லக் கடமைப்பட்டிருப்பது. அதே சொற்குடும்பத்தைச் சேர்ந்த 'உத்தரவாதம்' இன்றைய தமிழில் பொருள் மாறி, கடைக்காரர் மின்விசிறிக்குத் தரும் உறுதிச்சீட்டாகிவிட்டது. வேதாகமத் தமிழ் இதை 'உக்கிராணக்காரன்', 'கணக்கு ஒப்புவித்தல்' என்ற சொற்களால் பேசுகிறது. எசமான் ஒருநாள் வருவார் என்பது நிச்சயம், நாழிகை மட்டும் தெரியாது. தெரியாதவரை உக்கிராணக்காரன் வேலையாட்களுக்கு வேளைதோறும் படியளக்க வேண்டும். அந்த உவமையின் உயிரே நாழிகை தெரியாமையில் இருக்கிறது. ஆறாண்டுக் கட்சி அதைத் தெரிந்ததாக்கியபோது உவமை தலைகீழாயிற்று.

அதே ஆண்டுகளில் மலைக்குக் கிழக்கே நடந்ததை அருகில் வைத்துப் பார்ப்பது பயன் தரும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் வாட்டியது. 1877இல் ஆயராக அபிஷேகம் பெற்ற இராபர்ட் கால்டுவெல் திருநெல்வேலியில் நிவாரணப் பணியில் முழுமூச்சாக இறங்கினார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதியவர் அப்போது கையில் வைத்திருந்தது கஞ்சிக் கணக்கு. பஞ்சத்தின் முடிவில் பல்லாயிரம் பேர் திருச்சபையில் சேர்ந்தனர். சோற்றுக்காகச் சேர்ந்தனர் என்ற பழியும் கூடவே வந்தது. பஞ்சம் கடவுளின் தண்டனையா, ஆட்சியாளரின் தவறா என்ற விவாதம் அங்கும் நடந்தது. ஆனால் கஞ்சித்தொட்டிக்கு முன் நின்றவர் எவருக்கும் அதற்கு விடை கிடைக்கும்வரை காத்திருக்க நேரமில்லை. மறுபுறம், நிவாரணம் செய்தோரை மட்டும் பொறுப்புள்ளோர் என்று புகழ்ந்து, நாள் எண்ணியோரைச் சோம்பேறிகள் என்று இகழ்வதும் அநீதி. சாதியாலும் வழக்குகளாலும் சிதறிக் கிடந்த மக்களுக்கு ஆறு ஆண்டுகள் ஒன்றாகச் சேர்ந்து பாடுவதற்கு ஒரு காரணத்தை யுஸ்தூஸ் யோசேப்பு கொடுத்தார் என்பதும் வரலாறே.

அவர்களிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று வேதாகமத்துக்குள்ளேயே இருந்தது. யோனா நினிவேக்குச் சென்று நாற்பது நாளில் நகரம் அழியும் என்று அறிவித்தார். அதுவும் கடவுள் குறித்த நாள்தான், நிபந்தனை ஒன்றும் சொல்லப்படவில்லை. ஆனால் நகரத்தார் இரட்டு உடுத்தி மன்றாடினர், நாள் தவறியது. கோபித்துக்கொண்டவர் தீர்க்கதரிசி ஒருவரே. கடவுளுக்கு அதில் வருத்தமில்லை. இந்தக் கதையில் கடவுளின் ஆளுகை குறையவும் இல்லை, மக்களின் மன்றாட்டு வீணாகவும் இல்லை. தாமஸ் அக்குவினாஸ் பதின்மூன்றாம் நூற்றாண்டில் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார்: ஜெபிப்பது கடவுளின் ஏற்பாட்டை மாற்றுவதற்காக அன்று, சில நன்மைகள் ஜெபத்தின் வழியாகவே வரவேண்டும் என்பதும் அந்த ஏற்பாட்டின் ஒரு பகுதியே. விதைப்பதும் ஏற்பாட்டின் பகுதி என்று உழவன் அறிந்திருப்பது போன்றது இது. பவுல் சென்ற கப்பல் உடைந்த கதையிலும் இதே முடிச்சு உண்டு. ஓர் உயிரும் போகாது என்ற வாக்கு முதலில் வந்துவிடுகிறது. ஆனாலும் மாலுமிகள் கப்பலை விட்டு ஓடினால் நீங்கள் பிழைக்க முடியாது என்று பவுல் நூற்றுக்கதிபதியை எச்சரிக்கிறார். வாக்கும் எச்சரிக்கையும் ஒரே வாயிலிருந்து வருகின்றன.

தமிழில் ஜெபத்துக்கு உள்ள சொற்களும் இந்த முடிச்சை ஏதோ ஒருவகையில் தொட்டுக்கொண்டே இருக்கின்றன. 'ஜெபம்' உருவேற்றுவது, கேட்பதைவிட நினைந்துகொண்டிருப்பது. 'வேண்டுதல்' கேட்பதோடு நிற்காமல் நேர்ந்துகொள்வதும் ஆகும். 'மன்றாட்டு' என்ற சொல்லிலோ மன்றம் இருக்கிறது. வழக்கு இன்னும் முடியவில்லை, தீர்ப்பு எழுதப்படுவதற்கு முன் நிற்கும் நிலை அது. மலையாளத்தின் 'பிரார்த்தன' வெறும் கேட்டல். தேதியை அறிந்தவனுக்கு உருவேற்ற முடியும், மன்றாட முடியாது. யுஸ்தூஸ் யோசேப்பு இரு மொழிகளையும் அறிந்தவர். பாடல்களை மலையாளத்தில் எழுதினார், இராகங்களைக் கருநாடக இசையிலிருந்து எடுத்தார். காத்திருப்பின் இனிமை அவர் பாடல்களில் நிரம்பியிருக்கிறது. மணவாளனை எதிர்நோக்கும் மணவாட்டியின் குரல் அவை. தமிழ் பக்தி மரபை அறிந்த எவருக்கும் அக்குரல் அந்நியமாகத் தோன்றாது.

1881 அக்டோபர் 2 ஞாயிற்றுக்கிழமை. அந்த நாள் வந்தது, போனது. திங்கள் விடிந்தது.

பின்னர் நடந்தது மில்லரின் ஆட்களிடம் நடந்ததை ஒத்தது. பலர் பழைய சபைகளுக்குத் திரும்பினர். எஞ்சியோர் தேதியைக் கைவிடவில்லை, தேதியின் பொருளை மாற்றினர். நாள் பொய்க்கவில்லை, அன்றே புதிய யுகம் பிறந்தது என்றனர். அவ்வாண்டிலேயே 'யுயோமயம்' என்னும் சமூகம் உருவானது. 1881 அதன் ஆண்டுக் கணக்கின் தொடக்கமாகவும் ஆயிற்று. பிற சமயங்களின் உண்மைகளையும் உள்ளடக்க முயன்ற நெறி அது. யுஸ்தூஸ் யோசேப்பு சி.எம்.எஸ்.ஸுக்குத் திரும்பவில்லை. ஐம்பது வயதைச் சற்றே கடந்த நிலையில் 1887இல் இறந்தார்.

யுயோமயத்தை வேடிக்கையாகப் பார்ப்பது எளிது. பல திருச்சபை வரலாற்று நூல்கள் அதை ஓரிரு வரிகளில், சிறிது ஏளனத்தோடு, கடந்துவிடுகின்றன. ஆனால் ஏளனம் செய்வோரின் திருச்சபைகளே அவருடைய கீர்த்தனைகளை நூற்றைம்பது ஆண்டுகளாகப் பாடிவருகின்றன. மார்த்தோமா, சி.எஸ்.ஐ. பாட்டுப் புத்தகங்களில் அவை இருக்கின்றன. தேதியை மறுத்த சபைகள் தேதிக்காக எழுந்த ஏக்கத்தை மட்டும் பிரித்து எடுத்துக்கொண்டன. நாள் தெரியாத நிலையில் பாடும்போது அப்பாடல்கள் இன்னும் நன்றாகவே பொருந்துகின்றன என்பது வேறு செய்தி. தமிழ்நாட்டில் இவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மலையாளத்தில் எழுதியதால் அவர் தமிழ்க் கிறிஸ்தவ இலக்கிய வரலாற்றில் இல்லை; தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் என்ற ஒற்றைக் குறிப்போடு மலையாள வரலாறும் நகர்ந்துவிடுகிறது. அருளப்பனையும் இவரையும் ஒரே இயக்கத்தின் இரு பக்கங்களாக வைத்து எழுதப்பட வேண்டிய வரலாறு மொழி எல்லையில் இரண்டாக வெட்டுண்டு கிடக்கிறது.

கடவுளின் இறையாண்மை என்று இன்று தமிழில் எழுதுகிறோம். 'இறையாண்மை' அரசியல் சட்டத்தின் வழியாகப் பரவிய சொல். இறை என்பது அரசன், கடவுள், வரி ஆகிய மூன்றையும் குறிக்கும் பழஞ்சொல் என்பதால் இறையியலாரும் தயக்கமின்றி எடுத்துக்கொண்டனர். மலையாளத்தில் இதற்கு 'பரமாதிகாரம்'. இரண்டுமே அரசு அலுவலகத்தின் வாசனை கொண்டவை. கடவுளின் ஆளுகையைப் பற்றிப் பேசும் மொழி எப்போதும் அந்தந்தக் காலத்து ஆட்சியாளரின் மொழியிலிருந்தே கடன் வாங்குகிறது. ஆகவே ஆட்சியாளரின் பொறுப்பைக் கடவுளின் தலையில் ஏற்றிவிடும் வாய்ப்பும் அம்மொழிக்குள்ளேயே இருக்கிறது. ஆங்கிலச் சட்ட மரபிலிருந்து வந்த 'தெய்வச் செயல்' என்னும் தொடர் அதற்கு எடுத்துக்காட்டு. ஒரு சேதத்துக்கு எந்த மனிதரும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று காட்டும் இடத்தில்தான் சட்டம் கடவுளைப் பெயர் சொல்லி அழைக்கிறது.

மூணாற்றுக்கு அப்பால் பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு மலை சரிந்தது. தோட்டத் தொழிலாளரின் லயங்கள் மண்ணுக்குள் போயின. காணாமற்போனோரையும் சேர்த்து எழுபது பேர் மாண்டனர். பெரும்பாலோர் தமிழர். அவர்களுள் கிறிஸ்தவரும் இருந்தனர், இந்துக்களும் இருந்தனர். மீட்கப்பட்ட உடல்கள் ராஜமலையில் அடுத்தடுத்துப் புதைக்கப்பட்டன. அந்த வாரங்களில் மலைமேல் இரண்டு பேச்சுகள் ஒரே சமயத்தில் கேட்டன. ஒன்று ஆறுதலின் பேச்சு: அவர் சித்தம் என்னவோ, நமக்குத் தெரியாது. மற்றொன்று கேள்வியின் பேச்சு: சரிவின் அடியில் லயங்களைக் கட்டியது யார், தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களுக்குச் சொந்தமாக ஒரு சென்ட் நிலம்கூட இல்லாமற்போனது எப்படி? முதற்பேச்சு இரண்டாவதை அடக்கிவிடும் என்று அஞ்சியவர்கள் உண்டு. உண்மையில் ஆலயத்தில் முழங்கால் படியிட்டவர்களே அலுவலகத்துக்கும் சென்றனர். பிழைத்தோரும் உறவினரும் வீடும் நிலமும் கோரி அதிகாரிகளிடம் முறையிட்டனர்.

அப்படி அளிக்கப்படும் மனுவுக்குத் தமிழில் விண்ணப்பம் என்று பெயர். ஞாயிறு ஆராதனையில் கடவுளிடம் ஏறெடுப்பதற்கும் அதே பெயர்தான். மலையாளத்தில் இரண்டுக்கும் 'அபேக்ஷ'.